பின்கண்ணாடி போட்டவள்

அவளுக்குத் தலையில் பாதி நரைத்துவிட்டது. ஆனாலும் அண்ணனுடைய கார்க் கண்ணாடிக் கடையில் அவள் பெயர் பாப்பாதான். அண்ணன் அப்படிக் கூப்பிட்டார். அதைக் கேட்டு ஃபிட்டர்கள் கூப்பிட்டார்கள். ஃபிட்டர்களைக் கேட்டு எதிர்ச்சாரி டயர் கடைக்காரரும் கூப்பிட்டார். ஒருமுறை வழுக்கைத் தலை வாடிக்கையாளர் ஒருவர், "பாப்பா, சீட்டுக்கு அடியில இன்னும் சில்லு கிடக்குதும்மா" என்றார். அந்த ஆளுக்குத் தன்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும் என்று அவளுக்குச் சந்தேகம்.

அம்மா படுத்த படுக்கையானபோது எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். அம்மா போனபின் கட்டிக்கொடுத்தார்கள். கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை. ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். "சும்மா உக்காந்திருந்தா மனசு கெட்டுடும். கடைக்கு வா பாப்பா" என்றார் அண்ணன். ஏதோ கொஞ்ச நாளைக்கு என்றுதான் அவளும் நினைத்தாள். அதற்குப் பிறகு அண்ணனுக்கு மகள் பிறந்து, அவள் வளர்ந்து, கல்யாணமாகியும் போய்விட்டாள்.

கடையில் அவள் வேலை வாருவது. காரின் பின்கண்ணாடி உடைந்தால் கல்கண்டைக் கொட்டியது போல மணி மணியாக உதிரும். சீட்டுக்கும் முதுகுக்கும் நடுவில், பெல்ட் போய் ஒளிகிற பொந்தில், கால்மிதிக்கு அடியில் என்று போகாத இடமில்லை. தூசி உறிஞ்சும் இயந்திரத்தை வைத்து இழுத்து, அதில் வராததை விரலால் நோண்டி எடுப்பாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தலை வாரினால் சீப்பிலிருந்து ஒன்றிரண்டு விழும். "அத்தை நடந்தா மின்னும்" என்று அண்ணன் மகள் சின்ன வயதில் சொல்வாள். மின்னியதெல்லாம் ஊரார் உடைத்த கண்ணாடி.

வாரிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகம் பேசத் தெரியாதவளுக்குப் பார்ப்பதற்கு நிறைய நேரம் கிடைக்கும். பழைய பசையை எவ்வளவு தடிமன் விட்டு வெட்டுவது, புதுப் பசையைத் துப்பாக்கியால் எப்படி அறுபடாமல் ஒரே கோடாகப் பிழிவது, கண்ணாடியை வைக்கும்போது எந்த மூலையை முதலில் உட்கார வைப்பது, எல்லாம் பார்த்தாள். கடைக்குப் பின்னால் இன்ஜினைப் பறிகொடுத்த பழைய கார்க் கூடு ஒன்று கிடந்தது. மத்தியானம் ஃபிட்டர்கள் கண்ணசரும் நேரத்தில் காலாவதியான பசையை எடுத்துப்போய், கீறல் விழுந்து ஒதுக்கிய கண்ணாடியை அதில் ஒட்டிப் பார்ப்பாள். அண்ணன் ஒருநாள் பார்த்துவிட்டார். திட்டவில்லை. "விளையாடுறியா பாப்பா?" என்று சிரித்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் யார் கண்ணாடி போட்டாரோ அவர் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து ஒருமுறை ஓங்கிச் சாத்துவார். அதற்கு முத்திரை குத்துவது என்று பெயர். வாடிக்கையாளருக்கு அந்தச் சத்தத்தில் ஒரு நம்பிக்கை. பசை காயாத கண்ணாடிக்கு அது ஆகாதுதான். மூடிய காருக்குள் கதவை அறைந்தால் உள்ளே இருக்கும் காற்று போக வழியில்லாமல் புதுக் கண்ணாடியை வெளியே தள்ளும். அதனால் பக்கத்து ஜன்னல்களைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டுத்தான் முத்திரை குத்துவார்கள். அவளுடைய காதில் எத்தனையோ முத்திரை விழுந்திருக்கிறது. ஒன்றும் அவளுடையதில்லை.

ஃபிட்டர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியாக மிஞ்சிய நெட்டை என்கிற ஃபிட்டரும் விலகிப்போய் இரண்டு தெரு தள்ளித் தனிக்கடை போட்டதும் நிலைமை மாறியது. அண்ணனுக்கு வலது தோள் பிடித்துக்கொண்டு கை மேலே எழாது. அந்தச் சமயம் பார்த்து ஒரு மின்சாரக் கார் வந்து நின்றது. புத்தம் புதுசு. அதன் சொந்தக்காரர் உள்ளே ஓர் அலுமினிய ஏணியை வைத்துவிட்டுப் பின்கதவுக்குப் பட்டனை அமுக்கியிருக்கிறார். கதவு தானாகவே மரியாதையாக இறங்கி வந்து, ஏணியின் முனையில் கண்ணாடியைக் கொடுத்து உடைத்துக்கொண்டது.

"எல்லாம் யோசிக்கிற வண்டிங்க இது. ஏணிய மட்டும் யோசிக்கல" என்றார் சொந்தக்காரர், ஏதோ பிள்ளை மேல் புகார் சொல்வது போல.

கண்ணாடியை வரவழைத்தாயிற்று. போட ஆள் இல்லை. அண்ணன் தோளைத் தடவிக்கொண்டு கடையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் அவள் முன்னால் நின்றார்.

"பாப்பா, நீ போடுவியா?"

அவள் உறிஞ்சும் இயந்திரத்தை அணைத்தாள். "என்ன அண்ணா?"

"கண்ணாடி. ஒரு பக்கம் நான் தாங்கிக்கிறேன். பசையும் நீ, வைக்கிறதும் நீ. நல்லா வந்துச்சுன்னா இனிமே இந்தக் கடைக்கு நீதான் ஃபிட்டர். வாருறதுக்கு வேற ஆளப் பாத்துக்கலாம்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவோமோ என்று பயம்.

வேலையை அவள் அவசரப்படுத்தவில்லை. கதவின் உட்பக்கத்துப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, கடைசி மணிவரை உறிஞ்சி எடுத்தாள். பழைய பசையை மெல்லிய படுக்கையாக விட்டு வெட்டினாள். துடைத்தாள், புதுப் பசை பிடிப்பதற்கான கறுப்பு மருந்து பூசினாள், அது காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு துப்பாக்கியை எடுத்து ஒரு மூலையில் ஆரம்பித்து, மூச்சுகூடச் சரியாக விடாமல், சுற்றி வந்து அதே மூலையில் முடித்தாள். கோடு எங்கேயும் மெலியவில்லை. உறிஞ்சிப் பிடிக்கும் கைப்பிடிகளைக் கண்ணாடியில் பதித்து, அண்ணன் கீழ்ப்பக்கத்தை இடது கையால் தாங்க, அவள் மேல்பக்கத்தைக் கொண்டுபோய் உட்கார வைத்தாள். ஒரே தடவையில் உட்கார்ந்தது. சுற்றிலும் இடைவெளி ஒரே மாதிரி இருந்தது. கண்ணாடியைச் சூடாக்கும் கம்பிகளின் இணைப்பைச் செருகினாள். நகராமல் இருக்க ஒட்டுநாடாவை இழுத்து ஒட்டினாள். முன்பக்கத்து ஜன்னல்கள் இரண்டையும் ஒரு கை நுழையும் அளவுக்கு இறக்கிவிட்டு, கதவுகளைக் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போலச் சாத்தினாள்.

அண்ணன் சுற்றி வந்து பார்த்தார். குனிந்து பார்த்தார். "ம்" என்றார். அந்த 'ம்'மை அவள் அப்படியே வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள்.

சொந்தக்காரர் வந்தார். "என்னங்க இது, அடிபட்டவனுக்குப் பிளாஸ்திரி போட்ட மாதிரி?" என்றார் நாடாவைப் பார்த்து.

"அதெல்லாம் சும்மா ஒரு பாதுகாப்புக்கு சார்" என்று அண்ணன் மேல்பக்கத்து நாடாக்களை உரித்தார்.

"அண்ணா, அது இன்னும் கொஞ்சம்..." என்றாள் அவள்.

"சாரு வெளிய எடுத்துட்டுப் போகவேணாமா? நீ போய்க் கையக் கழுவு."

அவள் குழாயடிக்குப் போனாள். சொந்தக்காரருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே தெருவுக்கு நடந்தார். அவர் சட்டைப்பையில் இருந்த போன்தான் அந்தக் காருக்குச் சாவி. அவர் விலகிப் போனதும் கார் 'கிண்' என்று ஒரு சத்தம் கொடுத்துத் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. பக்கத்துக்கு ஒன்றாக நீட்டிக்கொண்டிருந்த கண்ணாடிக் காதுகள் இரண்டையும் மடக்கிக்கொண்டது. அவள் இறக்கி வைத்த ஜன்னல்கள் சத்தமே இல்லாமல் மேலே ஏறி மூடிக்கொண்டன. சோப்புக் கையோடு அவள் அதைப் பார்த்தாள். அவர் திரும்பி வந்ததும் கார் பூட்டைத் திறந்தது, காதுகளை விரித்தது. ஜன்னல்கள் ஏறியது ஏறியபடியே இருந்தன.

அண்ணன் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, கைப்பிடியைத் துண்டால் ஒரு துடை துடைத்து, இடது கையை ஓங்கினார்.

அது தன்னுடைய முத்திரை என்பது அவளுக்கு அப்போது நினைவிலேயே இல்லை. ஜன்னல்தான் கண்ணில் நின்றது. "அண்ணா, கண்ணாடி! கண்ணாடி!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

ஜன்னல் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கடையில் எல்லாமே கண்ணாடிதான். முன்னால் இருப்பதும், பக்கத்தில் இருப்பதும், பின்னால் இருப்பதும்.

"கண்ணாடி நல்லாத்தான் இருக்கு பாப்பா" என்று சிரித்துக்கொண்டே அண்ணன் கதவை அறைந்தார்.

'பொத்' என்று ஒரு சத்தம். பின்கண்ணாடியின் மேல்விளிம்பு ஒரு விரல் அளவு எழும்பி, பசை பிளந்து, இழைகள் வாய்க்குள் ஒட்டிய மிட்டாய் போல நீண்டன.

சொந்தக்காரர் குனிந்து அந்தப் பிளவைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "யாரு போட்டது இத?"

அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. "பாப்பாதான் சார். பொம்பளக் கை. அழுத்தம் பத்தல."

"ஜன்னல் மூடியிருந்துச்சு அண்ணா. அதான்..."

"நீ சும்மா இரு."

சொந்தக்காரர் காருக்குள் ஏறினார். "இருங்க, என் வண்டி தன்னச் சுத்தி நடக்குறதையெல்லாம் படம் எடுக்கும். பாத்துடலாம்" என்று பெரிய திரையில் தட்டினார். மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். அவள் பிழைத்தோம் என்று நினைத்தாள். திரையில் அண்ணன் கையை ஓங்கினார். கதவு அறைந்தது. கண்ணாடி எழும்பியது. பின்னால், சோப்பு நுரை வழியும் கைகளோடு, வாயைப் பிளந்தபடி ஒருத்தி ஓடி வந்தாள். படத்தில் சத்தம் இல்லை. அவள் என்ன கத்தினாள் என்று காருக்குத் தெரியவில்லை. பயந்துபோய் ஓடி வருகிற மாதிரிதான் இருந்தது.

"பாத்தீங்களா சார்? லேசா ஒரு தட்டு தட்டுனேன், தூக்கிடுச்சு. சரியா ஒட்டியிருந்தா நிக்காதா?"

"ஆமாங்க" என்றார் சொந்தக்காரர். "அது முகத்துலயே தெரியுதே. பயம். அடுத்த தடவ ஒரு ஆம்பளைய வச்சுப் போடுங்க."

ஒரே படத்தைத்தான் மூன்று பேரும் பார்த்தார்கள்.

மூன்றாம் தெருவிலிருந்து ஒரு ஃபிட்டரை அழைத்து வந்தார்கள். கோணலாகப் பாதி ஒட்டிக்கிடந்த கண்ணாடியைக் கம்பியால் அறுத்து எடுக்கும்போது ஓரத்தில் தட்டிவிட்டான். மொத்தமும் பொலபொலவென்று உள்ளே கொட்டியது. ஒருவரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. அவளே போய் உறிஞ்சும் இயந்திரத்தைக் கொண்டு வந்தாள்.

அதோடு போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அண்ணனுக்கு அது நல்ல கதையாகிவிட்டது. டயர் கடைக்காரரிடம் சொன்னார். தேநீர் குடிக்க வருகிறவர்களிடம் சொன்னார். "எங்க பாப்பா ஒரு கண்ணாடி போட்டுச்சு பாருங்க, கதவைத் தொட்டதும் பறந்துடுச்சு!" என்று கையைப் பறவை போல விரித்துக் காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் முதலிரண்டு தடவை சிரித்து வைத்தாள்.

ஒருநாள் மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் நெட்டையின் கடைக்கு நடந்தாள். அவன் ஒரு வேனுக்கு அடியிலிருந்து எழுந்து வந்தான்.

"வாங்கக்கா! என்ன, அதிசயமா இருக்கு?"

"ஆள் வேணும்னு கேள்விப்பட்டேன் தம்பி. ஃபிட்டருக்கு."

அவன் காதைச் சொறிந்தான். "உங்க கையப் பத்தி எனக்குத் தெரியாதாக்கா? அந்தப் பழைய கார்க் கூட்டுல நீங்க ஒட்டுனதை நான் ஒருநாள் பேத்தெடுக்கப் பாத்தேன். உளி வளைஞ்சதுதான் மிச்சம். ஆனா தெருவே அந்தக் கதையத்தான் சொல்லுது. வர்றவன் கேப்பான், பறந்துபோன கண்ணாடி போட்டது இந்த அம்மாவான்னு."

"ஜன்னல் ஏறிடுச்சு தம்பி. அண்ணன் அதைப் பாக்காம அறைஞ்சிட்டாரு."

"நான் நம்புறேன். நான் நம்பி என்ன ஆகப்போகுது? அண்ணன் வாயால ஒரு வார்த்த சொல்லட்டும். டயர் கடைக்காரர்கிட்ட, ஜன்னல் மூடியிருந்துச்சு, நான்தான் கவனிக்கலைன்னு. அது போதும். மறுநாளே வாங்க."

ஒரு வார்த்தை. திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அதை எப்படிக் கேட்பது என்று உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார். அண்ணி அவர் தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கதவோரம் நின்றாள்.

"அண்ணா, அன்னிக்கு ஜன்னல் மூடியிருந்துச்சு."

"எந்த அன்னிக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

அண்ணியின் கை நின்றது.

"நாடாவ உரிச்சது நீங்க. அறைஞ்சதும் நீங்க. நான் கத்துனேன்."

"சரி" என்றார் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு. "மூடித்தான் இருந்துச்சு. அறைஞ்ச அப்புறம்தான் பாத்தேன். அதுக்கென்ன இப்ப?"

இவ்வளவு சுலபமாக வந்துவிடும் என்று அவள் நினைக்கவில்லை. "அதை டயர் கடை அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. நெட்டை என்னை ஃபிட்டரா எடுத்துக்கிறேன்னு சொல்லியிருக்கான்."

"நானா? இத்தன வருஷம் கண்ணாடி போட்டவன், ஜன்னலப் பாக்காம அறைஞ்சேன்னு ஊருக்குச் சொல்லிக்கிட்டுத் திரியவா?"

"ஊருக்கு வேணாம். அவர்கிட்ட மட்டும்."

"பாவம், கேக்குறா. சொல்லித்தான் தொலைங்களேன்" என்றாள் அண்ணி.

அண்ணன் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமில்லை. ஏமாற்றும் எண்ணமும் இல்லை. நிஜமாகவே விளங்காத ஒன்றைக் கேட்பவர் போல இருந்தது.

"அது சரி பாப்பா. நீ அங்க போயிட்டா இங்க யாரு வாருறது?"

இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் கேட்ட கேள்விகளில் இந்த ஒன்றைத்தான் யோசித்துக் கேட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. அண்ணி மறுபடி தைலத்தைக் கையில் ஊற்றிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள். "கொஞ்சம் மேல, கொஞ்சம் மேல" என்று அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.