ஜுமைலா சிஸ்டர் திட்டாத திங்கட்கிழமை

மட்டாஞ்சேரியில் அந்த ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் ஒருவர் பிழைப்பாரா என்று தெரிந்துகொள்ள ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எதுவும் வேண்டியதில்லை. ஜுமைலா சிஸ்டர் அவரைத் திட்டுகிறாரா என்று பார்த்தால் போதும். திட்டினால் ஆள் தேறிவிடுவார். கட்டில் அதிரத் திட்டினால் இரண்டொரு நாளில் வீட்டுக்கே போகலாம். நோயாளியின் மனைவி வராந்தாவில் நின்று, "இன்னைக்கு சிஸ்டர் நல்லா ஏசிட்டாங்க, பயப்பட ஒன்னும் இல்ல" என்று ஊருக்குப் போன் போடுவதை அங்கே தினமும் கேட்கலாம்.

சிஸ்டரின் குடும்பம் கடையநல்லூரிலிருந்து வியாபாரத்துக்கு வந்து கொச்சியில் தங்கிவிட்டது. மட்டாஞ்சேரியில் பிறந்து, மலையாளத்தில் படித்து, தமிழில் ஏசப் பழகியவர். கும்பளங்கி போன்ற பக்கத்து ஊர் நோயாளியை மலையாளத்தில்தான் ஏச ஆரம்பிப்பார். உச்சத்துக்குப் போகும்போது மொழி தானாகத் தமிழாகிவிடும். அவரும் அர்த்தம் கேட்காமல் வாங்கிக்கொள்வார். சிஸ்டரின் கணவர் முகைதீன் பிச்சை மிளகும் சுக்கும் விற்கிறவர், அதிகம் பேசாதவர். ஏன் பேசுவதில்லை என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

வார்டில் இன்னொரு சட்டமும் உண்டு. கட்டிலுக்கு அடியில் கிடக்கும் முக்காலியை வெள்ளை உடுப்புக்காரர் யாராவது இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் விஷயம் முடிந்தது. நல்ல செய்தியை எந்த டாக்டரும் உட்கார்ந்து சொன்னதில்லை. அதை நடந்துகொண்டே சொல்லிவிடுவார்கள்.

இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்த உலகத்தில்தான் டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் மனநலப் பயிற்சி வந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வெலிங்டன் தீவில் ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்தது. பயிற்சி கொடுத்தவர் டாக்டர் ஸ்வர்ணலதா. தாழ்ந்த குரல், எல்லோரும் முன்னால் சாய்ந்துதான் கேட்க வேண்டியிருந்தது. நோயாளியின் பக்கத்தில் உட்காருங்கள், கண்ணுக்கு நேராகப் பாருங்கள், புத்தி சொல்லாதீர்கள், அவர் மனதில் இருப்பதை அவருக்கே எடுத்துச் சொல்லுங்கள், பிறகு சும்மா இருங்கள் என்றார். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்பதை நேராகக் கேட்கலாம், கேட்பதால் யாருக்கும் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது என்றும் சொன்னார். மனமுடைந்த நோயாளியாக நடிக்கச் சொல்லி சர்ஜனை உட்காரவைத்தார்கள். அவர் சற்று நேரத்தில் தனக்குத்தானே மருந்து சொல்லிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஜுமைலா சிஸ்டர் அப்படிப்பட்டவர் அல்ல. எதைச் செய்தாலும் முழுசாகச் செய்கிறவர். முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டில் சோறு வேகவில்லை என்று கணவர் முணுமுணுக்க, "சோறு வேகலைன்னு உங்களுக்கு மனசுக்குக் கஷ்டமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தபடி சும்மா இருந்தார். முகைதீன் பிச்சை மறுநாள் கடைக்குப் போகிற வழியில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் சிஸ்டர் வார்டுக்குள் வந்தபோது ஜன்னலோரக் கட்டிலில் பாண்டித்துரை இருந்தார். போடிப் பக்கத்து ஆள், மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்குகிறவர், போன வாரமே வந்து சேர்ந்து சிஸ்டரிடம் தினமும் ஏச்சு வாங்கியவர். சர்க்கரை வியாதியில் இடது கால் பெருவிரல் அழுகிவிட்டது. மறுநாள் காலை விரலை எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் பாதமே போய்விடும் என்று சர்ஜன் சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவரின் தலையணைக்கு அடியில், பழைய பேப்பரில் சுற்றி, எண்ணெய் கசிய இரண்டு பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, இருந்தன.

வார்டு காதைத் தீட்டிக்கொண்டது. சிஸ்டர் பொட்டலத்தைப் பார்த்தார், ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டார், முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இனிப்பா ஏதாச்சும் சாப்பிடணும்னு இருந்திருக்கு உங்களுக்கு" என்றார் மெதுவாக. "சாப்பிடுறதும் விடுறதும் உங்க முடிவு." பிறகு சும்மா இருந்தார். போகும்போது பொட்டலத்தையும் அவர் கையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

ஆசைப்பட்டதைச் சாப்பிட விடுகிறார்கள் என்றால் அதற்கு நம் ஊர்களில் ஒரே அர்த்தம்தான். அத்தோடு முக்காலி. அத்தோடு, வழக்கமான "உமக்கு" போய் "உங்களுக்கு" என்ற மரியாதை. பாண்டித்துரையின் மனைவி சங்கரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். பக்கத்துக் கட்டில் ராசப்பன், அதுவரை ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று பாண்டித்துரையோடு சண்டை பிடித்தவர், தன் ஆரஞ்சுப் பழத்தை உரித்து நீட்டினார். "கழிச்சோளூ சேட்டா, இனி எந்தா நோக்கான்" என்றார். சாப்பிடுங்கள், இனி பார்க்க என்ன இருக்கிறது என்று ஆறுதல்.

மதியத்துக்குள் பாண்டித்துரை முடிவெடுத்துவிட்டார். ஆப்பரேஷன் வேண்டாம். சாயங்கால பஸ்ஸில் போடிக்கு.

சர்ஜன் வந்து, அந்த ஆளிடம் என்ன சொன்னீர்கள் என்று சிஸ்டரைக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றார் சிஸ்டர். அது உண்மை, சிக்கலே அதுதான். அவர் மருந்து அறைக்குள் போய் டாக்டர் ஸ்வர்ணலதாவுக்குப் போன் போட்டு நடந்ததையெல்லாம் சொல்லி, இப்போது என்ன செய்வது என்று கேட்டார்.

"உங்களுக்கு ரொம்பக் குழப்பமா இருக்குன்னு புரியுது" என்றது தாழ்ந்த குரல். பிறகு சும்மா இருந்தது. ஜுமைலா சிஸ்டருக்கும் கொஞ்ச நேரம், தனக்கு ஏதோ பெரிய வியாதி என்றுதான் தோன்றியது.

அவர் திரும்பி வந்தபோது பாண்டித்துரை சட்டை போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் இரண்டு நாள் அடக்கி வைத்த ஏச்சு மொத்தமாகக் கிளம்பியது.

"என்னவே, சட்டையெல்லாம் மாட்டிக்கிட்டு? மாப்பிள்ளை அழைப்பா?"

"ஊருக்கு, சிஸ்டரே. போடியில போய்க் கட்டையச் சாய்ச்சுக்கிறேன்."

"ஒரு விரலைக் குடுக்கத் துப்பில்ல, முழுக்காலையும் குடுக்கப் போறீரா? பழம்பொரியத் தின்னுட்டுப் பாடையில ஏறுற மூஞ்சியப் பாரு."

சங்கரியின் அழுகை பாதியில் நின்றது. வார்டே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் காலையிலிருந்து நின்ற கால் கெஞ்சியதாலோ, பயிற்சியின் மிச்சத்தாலோ, சிஸ்டர் ஏசிக்கொண்டே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். திட்டும் முக்காலியும் ஒரே நேரத்தில். இதற்கு வார்டில் முன்னுதாரணம் இல்லை. ராசப்பன் ஆரஞ்சுச் சுளையை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தபடி காத்திருந்தார்.

"சாகணும்னு தோணுதா உமக்கு? தோணுச்சுன்னா தோணுதுன்னு சொல்லும்" என்றார் சிஸ்டர், அதே ஏசும் குரலில். பிறகு வேறு வார்த்தை கிடைக்காமல் சும்மா இருந்தார்.

பாண்டித்துரை கட்டுப் போட்ட காலைப் பார்த்தார்.

"சாகணும்னு இல்ல. மார்க்கெட்டுத் தரை எந்நேரமும் ஈரம். பெருவிரல் இல்லாம மூட்டையோட எப்படி நிப்பேன்? விரல எடுக்கணும்னு சொன்னதுலேர்ந்து இதையேதான் நினைச்சுக்கிட்டுக் கெடக்கேன்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க திட்டிக்கிட்டே இருந்தீங்க. நடுவுல எங்க சொல்றது? காலையில சொல்லலாம்னு பாத்தேன். நீங்க உக்காந்த உக்காருல நாக்கு ஒட்டிக்கிச்சு."

சிஸ்டர் சர்ஜனைக் கூப்பிட்டார். விரல் இல்லாத காலுக்கென்று செருப்பு செய்து தருவார்கள், கொஞ்ச மாதம் நடந்து பழக வேண்டும், மூட்டை தூக்குவதைப் பற்றி இப்போது உறுதி சொல்ல முடியாது, ஆனால் பாதம் போனால் தூக்கவே முடியாது என்று அவர் சொன்னார். நின்றுகொண்டே சொன்னதால் பாண்டித்துரை நம்பினார். சட்டைப் பித்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

திட்டியதால் வழிக்கு வந்தார் என்றது வார்டு. சிஸ்டருக்குத்தான் தெரியவில்லை. திட்டு வேலை செய்ததா, முக்காலியா, அந்தக் கேள்வியா, சும்மா இருந்ததா? சங்கரியிடமும் கேட்டுப் பார்த்தார். சங்கரி, எல்லாம் மேலே இருக்கிறவன் செயல் என்று சொல்லி அவரை இன்னும் குழப்பினார்.

மறுநாள் காலை பாண்டித்துரையை ஆப்பரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. மோதிரம், அரைஞாண் எல்லாம் கழற்றிச் சங்கரியிடம் கொடுத்தாகிவிட்டது. பையில் பழம்பொரி வாசம்கூட இல்லை. கதவுப் பக்கம் வந்ததும் தலையைத் திருப்பி சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். திட்ட ஒரு குறையும் அகப்படவில்லை. பாண்டித்துரையின் முகம் மெல்ல வெளுத்தது.

"நேத்து வரைக்கும் இந்தப் புத்தியைத் தலைமாட்டுலயா வச்சிருந்தீரு?" என்றார் ஜுமைலா சிஸ்டர், கடைசி நிமிடத்தில்.

பாண்டித்துரை நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். கதவு சாத்திக்கொண்டது. சங்கரி போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார்.