சப்டைட்டில் இல்லாத இனம்

எனக்கு மிகவும் பிடித்த வீடியோ கேம் ஒன்றுக்கு நான் இரண்டு முறை விமர்சனம் செய்திருக்கிறேன். முதல் விமர்சனத்தைப் போட்ட ஐந்தாம் நாளே அழித்துவிட்டேன். இரண்டாவது இன்னும் என் சேனலில் இருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. இரண்டுக்கும் நடுவில் நடந்ததை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தல்லாகுளத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். வீடு சமயநல்லூரில். அப்பாவும் அண்ணனும் வயலைப் பார்த்துக்கொள்கிறார்கள். வாரம் ஆறு நாள் டூவீலரில் போய்வந்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட பிறகுதான் எனக்கென்று நேரம் கிடைக்கும். அந்த நேரத்தை நானும் என் நண்பனும் பல வருடங்களாக அந்த ஒரே கேமுக்குக் கொடுத்திருந்தோம்.

நண்பன் என்னோடு நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் படித்தவன். சௌராஷ்டிரக் குடும்பம். வீடு மகால் பக்கத்தில், மாடியோடு கூடிய பழைய வீடு. அப்பா இல்லை. அக்காவைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அவனும் அம்மாவும் மட்டும்தான். சாஃப்ட்வேர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறான். படிக்கும் காலத்தில் ஒருநாள் பஸ்ஸில் அவன் தன் அம்மாவோடு போனில் பேசியதைக் கேட்டு, "தெலுங்கா மாப்ள?" என்று கேட்டேன். "இல்லடா, எங்க பாஷை" என்றான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அதன் பிறகு எத்தனையோ முறை அவர்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். என்னிடம் தமிழில் பேசிவிட்டு அவன் பக்கம் திரும்பியதும் அம்மாவின் பேச்சு மாறிவிடும். மாடியில் துணி காயப்போடும்போது பேசினால் தெருமுனையில் கேட்கும். அப்படியொரு கணீர்க் குரல்.

கேமைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். நாம் ஒரு சிறிய விண்கப்பலின் கேப்டன். யாரிடம் என்ன பேசுகிறோம், யாருக்கு உதவுகிறோம், யாரைக் கைவிடுகிறோம் என்பதைப் பொறுத்துக் கதை மாறிக்கொண்டே போகும். எங்களில் ஒருவன்தான் விளையாடுவான். மற்றவன் தன் வீட்டிலிருந்து அதே திரையைப் பார்த்தபடி ஹெட்செட்டில் பேசுவான். ஒவ்வொரு முடிவையும் இருவரும் சண்டை போட்டுத்தான் எடுப்போம்.

அதில் வரும் வேற்றுக்கிரக இனங்களுக்கு நாங்களே தமிழில் பெயர் வைத்திருந்தோம். கல்லுக்காரர்கள் என்று ஓர் இனம். உடம்பெல்லாம் பாறை. ஒரு கேள்வி கேட்டால் பதில் வர ஒரு நிமிடம் ஆகும். அவசரப்பட்டு ஸ்கிப் பட்டனை அழுத்தினால் அதை அவமானமாக எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். மூவர் என்று இன்னோர் இனம். மூன்று உடம்புகளுக்கு ஒரே மனம். எங்கள் தவறான முடிவால் ஒரு சண்டையில் அந்த மூவரில் ஒருவர் செத்துப்போனார். மிச்சம் இருந்த இருவரும் அதன் பிறகு பேசும்போதெல்லாம் நடுவில் சில சொற்கள் கிடைக்காமல் தடுமாறினார்கள். அன்று அதோடு கேமை மூடிவிட்டோம். ஒரு கேம் என்னை அப்படிச் செய்யும் என்று அதற்கு முன் நான் நினைத்ததில்லை.

அடுத்தது கூடாரத்துக்காரர்கள். அவர்களுடைய சூரியன் எப்போதோ அணைந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக மற்றவர்களின் விண்வெளி நிலையங்களில் கூடாரம் போட்டு வாழ்கிறார்கள். எல்லோரோடும் பொதுமொழியைப் பிசிறில்லாமல் பேசுவார்கள். தங்களுக்குள் தங்கள் மொழியைப் பேசுவார்கள். எங்கள் கப்பலின் இன்ஜினியர் ஒரு கூடாரத்துக்காரி. அவள் ரேடியோவில் தன் வீட்டாரோடு பேசும்போது திரையின் கீழே ஒரு வரிகூட வராது.

"இது ஒரு பெரிய குறைடா. சப்டைட்டில் போட்டிருக்கணும்" என்று ஒருநாள் சொன்னேன்.

"மாப்ள, இந்த கேம்லயே உருப்படியான விசயம் அதுதான்டா" என்றான்.

"எப்படி? என்ன பேசுறாங்கன்னே தெரியல."

"அவ ஒன்கிட்ட பேசல. பெறகு ஒனக்கு ஏன் தெரியணும்?"

அவன் எதற்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சுப் பேசுகிறவன். அதுவும் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

கடந்த வருடம் அந்த கேமுக்குத் தமிழில் ஒரு நீளமான விமர்சனம் செய்ய ஆரம்பித்தேன். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு பகுதி. நாங்கள் விளையாடும்போது பதிவு செய்து வைத்திருந்த காட்சிகளை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பதிவில் கூடாரத்துக்காரி ரேடியோவில் பேசி முடித்த நொடியில், நண்பனின் மைக் வழியாக அவன் அம்மாவின் குரல் விழுந்திருந்தது. கீழேயிருந்து மாடிக்கு ஏதோ வேகமாகச் சொல்கிறார்கள். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் குரலை எடுத்து கூடாரத்துக்காரியின் வாயசைப்போடு பொருத்தினேன். நன்றாகப் பொருந்தியது. கீழே பெரிய எழுத்தில், "சப்டைட்டில் போடுங்கய்யா, ஒண்ணும் புரியல" என்று போட்டேன்.

கேலி என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மை இல்லை. ஒட்டும்போது கை ஒரு நொடி நின்றது. அவன் ஒன்றும் சொல்ல மாட்டான் என்று நினைத்துத்தான் ஒட்டினேன்.

வீடியோ போட்ட அன்றிலிருந்தே பார்வைகள் ஏறின. என்னுடைய எந்த வீடியோவையும் அத்தனை பேர் பார்த்ததில்லை. எல்லோரும் பேசியது அந்த ஒரு துண்டைப் பற்றித்தான். யாரோ அதை மட்டும் தனியாக வெட்டி எடுத்துச் சுற்றவிட்டிருந்தார்கள். ஸ்கேன் சென்டரில் கூட வேலை செய்யும் அக்கா, "தம்பி, ஒன் வீடியோ எம் மக காலேஜ் குரூப்ல வந்துச்சாம்ல" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. கமெண்டுகளில் "இது எந்தக் கிரகம்?" என்று கேட்டிருந்தார்கள். "எங்க தெருவுலயும் இந்த ஏலியன்ஸ் இருக்காங்க" என்று ஒருவர் எழுதியிருந்தார். முதலில் வந்த சில கமெண்டுகளுக்கு நானே சிரிக்கும் முகம் போட்டேன். பிறகு ஒருவர் அது எந்த மொழி என்று கண்டுபிடித்து, அந்தச் சனங்களைப் பற்றி இங்கே எழுத முடியாத வார்த்தைகளைப் போட்டார். அதற்குக் கீழே இன்னும் பலர் சேர்ந்துகொண்டார்கள்.

மூன்றாம் நாள் நண்பனிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. "பார்த்தேன்." அவ்வளவுதான்.

"சும்மா ஜாலிக்குத்தான்டா மாப்ள" என்று அனுப்பினேன். படித்துவிட்டான் என்று தெரிந்தது. பதில் இல்லை. ஐந்தாம் நாள் வீடியோவை அழித்தேன். வெட்டப்பட்ட துண்டு அதன் பாட்டுக்கு ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை அழிக்க என்னிடம் வழி இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஆன்லைனில் வரவில்லை. போனை எடுக்கவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை பெர்மிஷன் சொல்லிவிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். அம்மாதான் கதவைத் திறந்தார்கள். "வாப்பா, மேல இருக்கான், போ" என்றார்கள். குரல் மிகவும் தணிந்திருந்தது. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன்.

மாடி அறையில் அவன் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தான். உட்கார் என்று கையைக் காட்டினான். உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அம்மா இரண்டு டம்ளர் காபியோடு படியேறி வந்தார்கள். வாசலில் நின்று, அவன் பார்க்கும்வரை காத்திருந்தார்கள். அவன் திரும்பியதும் டம்ளரை உயர்த்திக் காட்டினார்கள். மேசையில் வைத்தார்கள். ஒரு சத்தம் இல்லாமல் இறங்கிப் போனார்கள்.

மீட்டிங் முடிந்து அவன் ஹெட்செட்டைக் கழற்றினான்.

"அம்மா ஏன்டா பேசாமப் போறாங்க?"

"நான் ஹெட்செட் மாட்டியிருந்தா பேச மாட்டாங்க" என்றான். "இப்ப ஒரு வாரமா."

"அவங்க பார்த்துட்டாங்களா?"

"அக்கா மாமியார் வீட்டு குரூப்ல வந்திருக்கு. அவ மறைக்கத்தான் பார்த்தா. சித்தி ஒருத்தங்க நேரா அம்மாவுக்கே அனுப்பிட்டாங்க. 'இது ஏங் கொரல் மாதிரி இருக்கேடா'ன்னு என்கிட்ட வந்து கேட்டாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

"அழிச்சிட்டேன்டா."

"தெரியும்."

காபி டம்ளரை எடுத்து, குடிக்காமல் திரும்ப வைத்தேன். பிறகு கேட்டேன். "அதுல அம்மா என்னடா சொன்னாங்க?"

"டேங்க் நெறஞ்சு வழியுது, மோட்டார அமத்துன்னு சொன்னாங்க. அம்புட்டுதான்." ஹெட்செட்டை மேசையில் வைத்துவிட்டு, "பத்து வருசத்துக்கு மேல வாரே இந்த வீட்டுக்கு. அவங்க என்ன சொன்னாங்கன்னு இன்னைக்குத்தான் மொத தடவையா கேக்குற" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கீழே இறங்கி வந்தேன். அம்மா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, நான் பண்ணது தப்பு. மன்னிச்சிருங்க."

"விடுப்பா. தெரியாமப் பண்ணிட்ட."

"இல்லம்மா. உங்க கொரல்னு தெரிஞ்சுதான் பண்ணேன்."

கையிலிருந்த துண்டை மடித்து வைத்தார்கள். அடுத்ததை எடுத்தார்கள். அதையும் மடித்தார்கள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போல, "ஏங் கொரல் அம்புட்டு மோசமாவாப்பா இருக்கு?" என்று கேட்டார்கள்.

இல்லவே இல்லை என்றேன். நல்ல குரல் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் பொய் போலவே எனக்குக் கேட்டது. சாப்பிட்டுப் போ என்றார்கள். உட்கார்ந்து சாப்பிட்டேன். இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தேன். பரிமாறும்போது அம்மாவும் அவனும் பேசிக்கொண்ட இரண்டொரு வார்த்தையும் தமிழிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கேமை மறுபடி முதலிலிருந்து தனியாக விளையாடினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. கூடாரத்துக்காரியின் ரேடியோ காட்சிகளை முன்பெல்லாம் நான் விளையாடும்போது பெரும்பாலும் ஸ்கிப் செய்துவிடுவேன். இம்முறை உட்கார்ந்து முழுதாகக் கேட்டேன். புரியவில்லைதான். ஆனால் அவள் சிரிப்பது தெரிந்தது. யாரையோ அதட்டுவது தெரிந்தது. ஒருமுறை வெகுநேரம் ஒன்றுமே சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னொன்றையும் கவனித்தேன். கேப்டன், அதாவது நான், இன்ஜின் அறைக் கதவருகே போனதும் அவள் ரேடியோவை அணைத்துவிட்டு, புன்னகையோடு பொதுமொழியில் வணக்கம் சொல்கிறாள். முன்பு அதை நல்ல மரியாதை என்று நினைத்திருந்தேன். இப்போது, நான் கதவருகே போகாமல் தள்ளியே நின்று பார்த்தேன். அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

இரண்டாவது விமர்சனத்தை அப்போதுதான் பதிவு செய்தேன். வெட்டு, ஒட்டு, சிரிப்புச் சத்தம் எதுவும் கிடையாது. கல்லுக்காரர்களைப் பற்றியும் மூவரைப் பற்றியும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கூடாரத்துக்காரர்களிடம் வந்தபோது, சப்டைட்டில் இல்லாததைப் போன முறை குறை என்று சொன்னது என் தவறு என்றேன். முதல் வீடியோவில் கேட்ட குரல் யாருடையது என்று சொல்லவில்லை. அது எனக்குச் சோறு போட்ட ஒரு வீட்டின் குரல் என்றும், கேட்காமல் எடுத்தேன் என்றும், அதன் கீழே எழுதப்பட்டவற்றைப் படித்துவிட்டும் சும்மா இருந்தேன் என்றும் சொன்னேன். நண்பனிடம் காட்டவில்லை. காட்டினால் மன்னிப்பை அவசரப்படுத்துவது போலாகிவிடும் என்று பட்டது.

சில நூறு பேர் பார்த்தார்கள். "அண்ணே, பழைய வீடியோவத் திரும்பப் போடுங்க" என்று இரண்டு பேர் கேட்டார்கள். "கேம் ரிவ்யூல சொந்தக் கதை எதுக்கு?" என்று ஒருவர் கோபப்பட்டார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு வேலை நாளில் அந்த வீடியோவின் கீழே நண்பனின் கமெண்ட் வந்தது. "எரிபொருள் டேங்கைப் பெரிதாக்க இரண்டாவது நிலையம்வரை போக வேண்டியதில்லை. முதல் நிலையத்திலேயே கிடைக்கும். தப்பாகச் சொல்லியிருக்கிறாய்."

சென்டரின் பின்பக்கப் படியில் நின்று அவனுக்குப் போன் செய்தேன். எடுத்தான். எரிபொருள் டேங்கைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம். அவன் சொன்னதுதான் சரி. வேறு எதையும் அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை. வைக்கும்போது, "ஞாயித்துக்கெழமை வாரியா?" என்று கேட்டான். "வாரேன்டா" என்றேன்.

இப்போது மறுபடி விளையாடுகிறோம். முன்புபோலவே சண்டை போட்டு முடிவெடுக்கிறோம். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் அவன் மைக் எந்நேரமும் திறந்தே இருக்கும். மின்விசிறியின் சத்தம், தெருவில் போகும் ஆட்டோ, கீழே குக்கர் விசில் எல்லாம் எனக்குக் கேட்கும். இப்போது பேசும்போது மட்டும் ஒரு கீயை அழுத்திப் பேசுகிறான். பேசி முடித்ததும் விரலை எடுத்துவிடுகிறான். அதன் பிறகு அந்தப் பக்கம் எதுவும் கேட்பதில்லை. அவன் அம்மா அந்த வீட்டில் பழையபடி சத்தமாகப் பேசுகிறார்களா என்று எனக்குத் தெரியாது. அவனிடம் நான் கேட்டதில்லை.