புகையை அளக்கச் சொன்னவர்

நம் குடும்பத்தில் கனரக வாகனம் ஓட்ட உரிமம் பெற்றவர்கள் இருவர். ஒருவர் என் பெரிய அத்தை. மற்றவர் அவருடைய தம்பி, அதாவது என் சித்தப்பா. சித்தப்பா உரிமம் வாங்கியதோடு சரி. வண்டிக்குள் உட்கார்வதைவிட வண்டிக்கு அடியில் படுப்பதே அவருக்குப் பிடித்திருந்ததால் பட்டறை வைத்துக்கொண்டார். அத்தையைப் பற்றி நம் வீட்டு விசேஷங்களில் சொல்லப்படும் கதைகளில் பாதி மிகை. லாரியால் கிடங்குச் சுவரை இடித்தவர் அவரல்லர்; அவர் கணவரான மாமா. அதுவும், நின்றிருந்த வண்டியின் பிரேக்கை விளையாட்டாக விடுவித்து. இத்தகைய குழப்பம் துறைமுக வாசல் நிகழ்ச்சிக்கும் நேராதிருக்க, அன்று அங்கிருந்தவர்களைக் கேட்டு, அவர்கள் சொன்னவற்றை ஒப்பிட்டு இதை எழுதுகிறேன்.

அத்தை முதலில் ஒரு சரக்குக் கிடங்கில் ரசீது எழுதும் வேலையில்தான் சேர்ந்தார். எழுதுகிறவர் நாற்காலியிலேயே இருக்க, ஓட்டுகிறவர் ஊரெல்லாம் பார்த்து வருகிறார் என்பது அவருக்குச் சில மாதங்களிலேயே விளங்கிவிட்டது. முதலில் வாடகை வண்டி, பிறகு சொந்த வண்டி. துறைமுகத்திலிருந்து கன்டெய்னர்களை இழுத்துச் செல்லும் டீசல் லாரி அது. மாமாவுக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்து இருக்கையில் தூங்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அந்த லாரியின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டி ஒன்று உண்டு. ஃபில்டர் என்பார்கள். வண்டி வேகமாக ஓடிச் சூடேறினால், சேர்ந்த கரி தானாக எரிந்துவிடும். துறைமுக வண்டிகளோ வாசலில் ஊர்ந்து ஊர்ந்தே பொழுதைக் கழிப்பவை. அவற்றின் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், எச்சரிக்கை விளக்கு எரியும், வண்டி இழுக்காது. இதற்கு லாரி ஸ்டாண்டில் எல்லோரும் கண்ட வழி ஒன்றே. பெட்டியை அறுத்து, உள்ளிருப்பதை இடித்துக் கொட்டிவிட்டு, வெறும் பெட்டியை மறுபடி பற்றவைத்துவிடுவார்கள். விளக்கு எரியாதபடி வண்டியின் கம்ப்யூட்டரையும் ஏமாற்றிவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும்.

அத்தை மட்டும் அதற்கு இணங்கவில்லை. சரக்கை இறக்கிய பிறகு காலி வண்டியைப் புறவழிச் சாலைக்குக் கொண்டுபோய் வேகமாக ஒரு சுற்று ஓட்டிக் கரியை எரித்துவிட்டு வருவார். ஸ்டாண்டில் அதற்கு நடைப்பயிற்சி என்று பெயர் வைத்தார்கள். வண்டிக்குச் சர்க்கரை வியாதியா என்று விசாரித்தார்கள். முன்னால் நிற்கிற வண்டியின் புகையைத்தான் பின்னால் நிற்பவன் நாள் முழுதும் குடிக்கிறான் என்பது அத்தையின் பதில். அதற்கும் சிரித்தார்கள்.

இந்த நிலையில்தான் புதிய விதி வந்தது. குறிப்பிட்ட வயதைக் கடந்த டீசல் லாரி எதுவும் இனி துறைமுக வாசலுக்குள் வரக்கூடாது. அத்தையின் லாரி அந்த வயதைத் தாண்டியிருந்தது. புது லாரி வாங்கும் வசதி அவருக்கில்லை. வாசல் மூடினால் அவர் தொழிலும் அன்றோடு முடியும்.

லாரிக்காரர்கள் சங்கம் கூடியது. விதியையே திரும்பப் பெறச் சொல்லிப் போராடுவோம் என்றார் தலைவர். அத்தை எழுந்து, விதி இருக்கட்டும், ஆனால் வயதைப் பார்க்காமல் புகையை அளக்கச் சொல்வோம் என்றார்.

தலைவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, புகையை அளந்தா நம்ம ஸ்டாண்ட்ல ஒரு வண்டிகூடத் தேறாது" என்றார்.

"என் வண்டி தேறும். முதல்ல அதையே அளக்கட்டும்."

இதே கோரிக்கையோடு அத்தை வாசல் அதிகாரியிடமும் போனார். பலமுறை அலைந்த பின், எல்லோர் முன்னிலையிலும் சோதித்துப் பார்ப்பதாகவும், தேறினால் மேலிடத்துக்கு எழுதுவதாகவும் அவர் ஒப்புக்கொண்டார்.

சோதனையன்று காலை சித்தப்பா அவசரமாக வந்து, "அக்கா, இன்னைக்கு வேணாமே" என்று இழுத்தார்.

"ஏன்டா, உனக்குக் கல்யாணமா?" என்று கேட்டுவிட்டு அத்தை வண்டியில் ஏறிவிட்டார்.

புகைக்குழாயில் கருவியைச் செருகினார்கள். அதிகாரி கையசைத்ததும் அத்தை ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தார். கன்னங்கரேலென்று புகை எழுந்தது. தேறவில்லை என்பதை அறியக் கருவியைப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஸ்டாண்டே சிரித்தது. நடைப்பயிற்சி பத்தலைக்கா என்று ஒருவர் குரல் கொடுத்ததை மூவர் எனக்கு உறுதிப்படுத்தினர்; அவர் யார் என்பதை மூவருமே சொல்லவில்லை.

அத்தை இறங்கி வந்து குழாயின் வாயில் விரலை விட்டுப் பார்த்தார். ஃபில்டர் இருந்தால் ஒட்டாத கரி விரலில் அப்பியது. பிறகு அதிகாரியைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தார்.

"என்னடா பண்ணின?"

சில வாரங்களுக்கு முன் வண்டி சர்வீசுக்கு வந்தபோது ஃபில்டர் பழுதாகியிருந்தது; புதிதாக வாங்க அக்காவால் ஆகாது; சொன்னாலோ ஒத்துக்கொள்ள மாட்டார். ஆகவே ஊரார் வண்டிக்குச் செய்வதை இதற்கும் செய்துவிட்டேன் என்று சித்தப்பா அங்கேயே சொன்னார். பாசத்தால் செய்ததுதான், அதில் எனக்கு ஐயமில்லை. அத்தையின் பிழையையும் எழுதியாக வேண்டும். விளக்கு எரியாமலே இருந்ததை, தம் நடைப்பயிற்சியின் பலன் என்று அவர் நம்பிப் பெருமைப்பட்டிருக்கிறார். குழாயில் கரி படிந்திருந்ததைப் பார்த்தும், சேறு என்று துடைத்துவிட்டிருக்கிறார்.

அத்தோடு அவர் வீடு திரும்பியிருந்தால் இதை எழுத வேண்டியதில்லை. அவர் அதிகாரியிடம் போய்ச் சொன்னதாவது:

"சார், என் வண்டி தோத்துடுச்சு. தோத்துடுச்சுன்னே எழுதுங்க. ஆனா வயசை மட்டும் கேட்டிருந்தா இந்தத் திருட்டுத்தனம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா? அளந்ததாலதானே நான் மாட்டினேன். பின்னாடி ஒரு புது லாரி நிக்குது. உங்க விதிப்படி அதுக்கு வாசல் திறந்திருக்கு. அதையும் அளங்க."

அந்தப் புது லாரி தலைவருடையது. சிரிப்பு நின்றது. அதிகாரி சற்றுத் தயங்கினார். பிறகு கருவியை எடுத்துவரச் சொன்னார். புது லாரியும் தேறவில்லை.

ஸ்டாண்டில் அதன்பின் அத்தையோடு யாரும் பேசவில்லை. அவர் வண்டிக்கு வரிசையில் யாரும் வழிவிடவுமில்லை. குடும்பத்திலும், ஊரைப் பகைத்துக்கொள்ளாதே, மன்னிப்புக் கேட்டுவிடு என்று சொன்னவர்களே அதிகம். என் தந்தையும் அவர்களில் ஒருவர். அத்தை யாரிடமும் கேட்கவில்லை. தம்பியிடம் மட்டும் கழற்றினவனே மாட்டு என்று சொல்லி, பட்டறையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா விபத்தில் நொறுங்கிய ஒரு லாரியைத் தேடிப் பிடித்து, அதன் ஃபில்டரை எடுத்துவந்து பொருத்தினார். இரண்டாம் சோதனையில் வண்டி தேறியது. ஆனாலும் விதி விதிதான் என்று வாசலில் திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு வாரமும் போய் வரிசையில் நின்று, சோதனைச் சான்றைக் காட்டி, திரும்பி வந்தார்.

மழைக்காலம் முடிந்தபோது விதி திருத்தப்பட்டது. புதியதோ பழையதோ, எல்லா லாரிக்கும் புகைச் சோதனை. தேறினால் வாசல் திறக்கும். பழைய லாரிகளுக்கு மட்டும் சில ஆண்டுகளே அவகாசம். இது அத்தையால்தான் நடந்தது என்று நம்மவர்கள் சொல்வதற்கு ஆதாரமில்லை. வேறு ஊர்களிலிருந்தும் மனுக்கள் போயிருக்கின்றன.

திருத்தம் நடைமுறைக்கு வந்த அன்று, புது ஃபில்டருக்குச் செலவழித்த எரிச்சலோடு தலைவர் வரிசையில் அத்தைக்குப் பின்னால் நின்றார். பல மாதங்களுக்குப் பின் அன்றுதான் பேசினாராம். "இன்னும் எத்தனை நாளைக்கு? அடுத்து டீசலே வேணாம்பாங்க. அப்ப என்ன பண்ணுவீங்க?"

"மின்சார லாரி வரும். அதையும் கத்துக்கிட்டு ஓட்டுவேன். அதுக்கும் இந்த வாசல்ல வரிசை இருக்கும்ல? அப்பவும் நீங்க எனக்குப் பின்னாடிதான்."

வாசல் திறந்தது. மாமா விழித்துக்கொள்வதற்குள் வண்டி உள்ளே போய்விட்டிருந்தது.