யா அல்ல, யோ

டென்மார்க்கின் அந்தச் சிறு ஊரில் அகதிகளான எங்களுக்குக் கடிதம் எழுதித் தந்தவர் ஓய்வூதியம் எடுக்கும் ஒரு டேனிஷ்காரர். ஒவ்வொரு கடிதத்துக்கும் முன் பென்சிலைச் சீவி, சீவலைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார். அவருக்குச் சம்பளம் இல்லை. அவர் எழுத இருந்த அறையின் வாடகையும் பஸ் காசும் மட்டும் கொமூன், அதாவது நகரசபை, கொடுத்தது.

யாழ்ப்பாணத்திலிருந்த என் மனைவியையும் பிள்ளைகளையும் அழைக்கும் மனுவை டேனிஷ் அரசாங்கம் கிடப்பில் போட்டிருந்தது. அந்த டேனிஷ்காரர்தான் மாதாமாதம் நினைவூட்டல் எழுதினார்.

ஒருநாள் கொமூன் அதிகாரி வந்து, "இந்தக் கடித உதவி உங்களுக்கு வேண்டியதில்லையா?" என்று கேட்டார். வேண்டும் என்று நினைத்து, "யா" என்றேன். 'யா' என்றால் ஆம். ஆனால் இப்படி 'இல்லையா' என்று கேட்டால், வேண்டும் என்பதற்கு 'யோ' என்றுதான் சொல்லவேண்டுமாம். அடுத்த மாதமே அவருக்குக் கொடுத்த காசை நிறுத்திவிட்டார்கள்.

"அண்ணை, வேண்டாமெண்டு நீங்களே சொன்னியளாம்!" என்று அறையில் கூட இருந்தவன் கத்தினான்.

காசை வெட்டத்தான் வந்தார்கள், பாவிகள். என் வாயைச் சாட்டாக்கினார்கள்.

கடிதம் எழுதும் அந்த மனிதர் பனியில் சைக்கிள் மிதித்து என் அறைக்கே வந்தார். மன்னிப்புக் கேட்டேன். பென்சிலைச் சீவியபடி, "உனக்கு உன் மனைவி வேண்டியதில்லையா?" என்றார்.

"யோ!" என்று கத்தினேன்.

அந்த மாத நினைவூட்டலில் அதையே முதல் வரியாக எழுதினார். அவருக்கு மட்டும் ஏன் கோபம் வரவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.