ராகு காலத்தில் ரோமாபுரி

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்னால், மத்தியானம் மூன்று மணி இருக்கும். ரோமாபுரி என் கிச்சன் வாசலில் வந்து நின்று இன்னொரு கப் டீ கிடைக்குமா என்று கேட்டது.

கொடுத்தேன். எதிரியாகவே இருந்தாலும், வீட்டுக்கு வந்தவரிடம் டீ இல்லை என்று சொல்ல முடியுமா?

ரோமாபுரி என்பது ஜோஷி. புனேயில் எங்கள் ஔந்த் அபார்ட்மெண்ட் சொஸைட்டியின் ஏ விங். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் பெரிய வேலை. மாதம் தவறாமல் சிங்ககட் கோட்டைக்கு ஏறி இறங்குகிற திடகாத்திரமான மனிதர். அன்றைக்கு அவர் வசம் இத்தாலி இருந்தது, சிசிலி இருந்தது, ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. என் வசம்? டீ வடிகட்டி.

விஷயம் இதுதான். எங்கள் சொஸைட்டி கணபதி உற்சவத்தில் மூன்று விங்குகளுக்கும் போட்டிகள் நடக்கும். ஜெயிக்கிற விங்தான் கடைசி நாள் பிரசாத மெனுவைத் தீர்மானிக்கும். இதில் கமிட்டி ரொம்பக் கறார். கேரம், செஸ், ரங்கோலி என்று எது வைத்தாலும் வருஷா வருஷம் ஏ விங்தான் ஜெயிக்கும். ஆகவே வருஷா வருஷம் பூரி, உருளைக்கிழங்கு பாஜி, ஷீரா என்கிற ரவா கேசரி. ஷீராவோடு எனக்கு ஒரு சண்டையும் கிடையாது. சண்டை என் வீட்டுக்காரருக்கு.

சங்கரன், ஆகுர்டியில் ஒரு வண்டித் தொழிற்சாலையில் இன்ஜினியர். திருநெல்வேலிக்காரர். சமையலில் அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு அயிட்டம், புளியோதரை. அதை அவர் செய்கிற மாதிரி இந்தப் புனே ஜில்லாவில் ஆள் இல்லை - இதை நான் மனைவியாகச் சொல்லவில்லை, நாக்கு உள்ளவளாகச் சொல்கிறேன். போன வருஷம் கடைசி நாளன்று ஆசையாகப் பெரிய தவலை நிறையக் கிளறி, பூரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். ‘மதராஸி பாத்’ என்று யாரோ பெயர் சூட்டினார்கள். எல்லோரும் மரியாதையாகச் சிரித்துவிட்டு ஷீராவுக்கு நகர்ந்துவிட்டார்கள். தவலை போனபடியே வீட்டுக்கு வந்தது. காலையும் மாலையும் அவரே உட்கார்ந்து சாப்பிட்டுத் தீர்த்தார். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

இந்த வருஷம் போட்டிகளில் கம்ப்யூட்டர் கேமும் உண்டு, அதுவும் பெரியவர்களுக்கு, என்று கமிட்டி அறிவித்ததும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். எந்த கேம் தெரியுமா? பழங்கால ஐரோப்பா மேப்பில் படை நடத்தி ஊர் பிடிக்கிற கேம். ஒவ்வொரு ஞாயிறும் பி விங்கான நான், ஜோஷி, சி விங் பிலோமினா டீச்சர் மூவரும் எங்கள் வீட்டில் ஆடுகிற அதே கேம். பேங்கில் பகலெல்லாம் வவுச்சரில் கையெழுத்துப் போடுகிறவளுக்கு வாரத்தில் ஒரு நாளாவது ஒரு சாம்ராஜ்யம் வேண்டாமா?

போட்டியும் எங்கள் வீட்டிலேயே. கம்ப்யூட்டர் ஒன்றுதான். ஒருவர் அறைக்குள் போய்ப் படையை நகர்த்தி, ‘எண்ட் டர்ன்’ பட்டனை அழுத்திவிட்டு வெளியே வர வேண்டும். அடுத்தவர் உள்ளே. மற்றவர்கள் ஹாலில் முறுக்கு சாப்பிடலாம். ஏழரைக்கு ஆரத்தி என்பதால் ஏழு மணிக்கு ஆட்டம் க்ளோஸ். யாரிடம் அதிக ஊரோ, அவர் விங்குக்கு மெனு.

யாருக்கு எந்த நாடு என்று சீட்டு எடுத்தோம். ஜோஷிக்கு ரோம் விழுந்தது. முகமெல்லாம் பல். பிலோமினா டீச்சருக்கு கௌல், அதாவது இன்றைய ஃபிரான்ஸில் இருந்த கெல்ட் குலங்கள். டீச்சர் புனேயை அடுத்த தேஹு ரோட்டில் பிறந்து வளர்ந்த தமிழர், ஸ்கூலில் கணக்குப் பாடம் எடுப்பவர். முதல் டர்ன் முடித்து வெளியே வந்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கௌல் வீரர்களில் ஒரு கூட்டம் வெற்றுடம்போடு சண்டைக்குப் போகிறது இல்லையா, அதைப் பார்த்துவிட்டார்.

“ஏம்மா, இவங்களுக்கு ஒரு சட்டை போட்டுவிட ஆப்ஷன் இருக்கா? கமிட்டிவாலே பாத்தா க்யா சோச்சேங்கே, என்ன நினைப்பாங்க?”

எனக்கு விழுந்தது ஐபீரியா. அதாவது ஸ்பெயின். பாவப்பட்ட பக்கம். அந்தக் காலத்தில் அங்கே லூசிதானியர், கெல்டிபீரியர் என்று எத்தனையோ குலங்கள். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாது. கேமில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கொடி, ஒரே கலர், ஒரே குடுமி. சோலாப்பூருக்குத் தெற்கே பிறந்தவர்கள் எல்லோரும் இங்கே மதராஸி ஆகிவிடுகிறோமே... அதே கதை. அவர்கள் மேல் எனக்குச் சட்டென்று ஒரு பாசம் வந்துவிட்டது. சின்ன வட்டக் கேடயம், வளைந்த கத்தி. கூடவே ஒரு சாமர்த்தியம் - காட்டுக்குள் ஒளிந்தால் பக்கத்தில் வந்து இடிக்கும்வரை எதிரியின் மேப்பில் தெரிய மாட்டார்கள்.

நாலரை மணி. ஜோஷியின் பெரிய படை ஆப்பிரிக்காவில். மலைக்கு அந்தப் பக்கம் அவர் பிடித்து வைத்திருந்த ஊரில் பேருக்குத்தான் காவல். மலைக் கணவாயில் என் படை தயார். மவுஸில் விரல் வைத்துவிட்டேன். கதவைத் திறந்துகொண்டு சங்கரன் வந்தார்.

“நாலரை ஆயிட்டு. ராகு காலம். இப்ப ஒண்ணும் ஆரம்பிக்காத.”

இவருடைய ஃபாக்டரியில் மூன்று ஷிஃப்டும் ராகு காலம் பார்த்தா ஓடுகிறது? கேட்டேன். அது கம்பெனி முடிவு என்றார். சண்டை ஸ்பெயினில் நடக்கிறது, அங்கே இப்போது மணி ஒன்றுதான் என்றேன். எப்படி என் பாயிண்ட்?

“கம்ப்யூட்டர் எங்க இருக்கு? ஔந்த்லதானே இருக்கு?”

நான் மவுஸிலிருந்து விரலை எடுக்கவில்லை. அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

“போன வருசம் தவலையைத் தூக்கிட்டு அவங்க முன்னாலதான் நடந்து வந்தேன். இந்த வருசமும் அப்படி வர முடியாது, பாத்துக்கோ.”

என்ன செய்ய? படையைக் கணவாய்க் காட்டுக்குள் ஒளித்துவைத்தேன். எண்ட் டர்ன். வயிற்றெரிச்சலோடு வெளியே வந்தேன்.

அடுத்த டர்ன், எண்ட் டர்ன். அதற்கடுத்ததும் அப்படியே. உள்ளே போன வேகத்தில் நான் வெளியே வருவதைப் பார்த்து ஜோஷிக்கு ஆச்சரியம். மேப்பில் என் படை எங்குமே தெரியவில்லை. ஐபீரியா கையைத் தூக்கிவிட்டது, பாபி, அதாவது அண்ணி, இனி சமையலைப் பார்க்கலாம் என்று ஹிந்தியில் ஜோக் அடித்தார். நான் முறுக்கைக் கடித்தேன். சத்தமாகவே கடித்தேன்.

என் மேலிருந்த பயம் விட்டுப்போனதும் அவர் ஆப்பிரிக்கப் படையைத் திருப்பிக் கொண்டுவந்து டீச்சர் மேல் ஏவினார். டீச்சர் சும்மா விடுவாரா? சட்டையில்லாதவர்கள் ஊர் ஊராக ரோமானியரை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். இரண்டு பக்கமும் ரத்தக் களறி. ஒருவழியாக கௌலை முடக்கிவிட்டு, மிச்சமிருந்த களைத்த படையோடு ஜோஷி என் பக்கம் திரும்பினார். காலி வீடுதானே, புகுந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. ஆறு மணிக்குக் கொஞ்சம் இருக்கும்போது நேராகக் கணவாய்க்குள் நுழைந்தார்.

அறைக்குள்ளிருந்து “அரே!” என்று ஒரு குரல்.

வெளியே வந்த ஜோஷியிடம் படை இல்லை. காட்டிலிருந்து இறங்கிய என் ஆட்கள் முழுசாக விழுங்கியிருந்தார்கள். இந்த மராட்டிய மண்ணில் குழந்தைகள் பாலோடு சேர்த்துக் குடிக்கிற பாடம் என்ன? மலையில் ஒளிந்திருந்து பெரிய படையை மடக்குவது எப்படி என்பதுதான். அப்படிச் சண்டை நடந்த சிங்ககட் கோட்டைக்கே மாதம் ஒரு தடவை ஏறுகிறவர், ரோமானியத் தொப்பியைப் போட்டதும் அதை மறந்துவிட்டார். பெரிய பக்கத்தில் உட்கார்ந்தால் யாருக்கும் சொந்த மலை கண்ணில் படாது போலிருக்கிறது.

“ராகு காலத்துல ஆரம்பிச்சது யாரு? நீயா, அவரா?” சங்கரன் என் காதருகே கேட்டார். அவ்வளவு சந்தோஷத்தை நான் அந்த முகத்தில் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

ஆறு அடித்தது. கணவாயைத் தாண்டினேன். தடுக்க ஆளில்லை. ஏழு மணிக்குக் கமிட்டி எண்ணிப் பார்த்ததில், ரோமை விட ஐபீரியாவுக்கு ஒரே ஒரு ஊர் கூடுதல். பி விங் சரித்திரத்தில் முதல் வெற்றி. ஆரத்தியில் நான் தட்டிய தாளத்துக்கு எதிர் பில்டிங்கில் ஜன்னல் திறந்து பார்த்தார்கள்.

கடைசி நாள் இலைத் தட்டுகளில் புளியோதரை. அதுதான் மெனு, வேறு வழியில்லை. அதனால் எல்லோரும் வாயில் வைத்தார்கள். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அப்புறம் கரண்டிக்குத்தான் ஓய்வில்லை. மதராஸி பாத் என்று யாரும் சொல்லவில்லை. பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தப்புத் தப்பாக உச்சரித்து, மறுபடி கேட்டு வாங்கினார்கள். காலித் தவலையைத் தோளில் வைத்துக்கொண்டு சங்கரன் படியேறி வந்தபோது, சொல்லிவிடுகிறேனே, எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஜோஷி இரண்டாவது தடவை வாங்கும்போது, ஞாயிற்றுக்கிழமை அந்த ராகு சமாசாரம் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று சங்கரனிடம் ரகசியமாகக் கேட்டுக்கொண்டாராம்.

போன ஞாயிறு வழக்கம்போல ஆட்டம். சரியாக நாலரைக்கு ரோம் எண்ட் டர்னை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டது. பிலோமினா டீச்சர், தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, ஏசு இருக்கார் என்று சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தானும் அழுத்தினார். நானும் அழுத்தினேன். ஆறு மணி வரை ஐரோப்பா முழுக்க அப்படியொரு சமாதானம். மூன்று வல்லரசுகளும் பால்கனியில் உட்கார்ந்து சங்கரன் கிளறிக் கொடுத்த புளியோதரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

எமகண்டம் என்று இன்னொன்று இருப்பதை நான் அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.