லிஸ்பன் என்று பேர் வைத்தவளின் மகள்

தலைமாட்டில் இருக்கும் தலையணையை எடுத்து, இரண்டு தட்டுத் தட்டி, கால்மாட்டில் வைக்கிறார் நகுரா கிகுயோ. அடுத்த கட்டிலுக்குப் போகிறார். அதிலும் அப்படியே. காட்சிக்கூடத்தின் சன்னலோர வரிசை முழுக்க இப்படி மாற்றிய பிறகுதான் காலைத் தேநீர். பிறகு வருகிற வாடிக்கையாளர்கள் காலணியைக் கழற்றிவிட்டு, தலைப்பலகையில் பாதம் முட்ட, கொஞ்சம் குழம்பிப்போய்ப் படுத்துப் பார்க்கிறார்கள்.

“டோக்கியோல இருந்து வந்த கட்டடக்காரனுக்கு வெளிச்சம் அழகா விழணுமாம். அதுக்காக அத்தனை கட்டிலையும் வடக்கே தலை வெச்சுப் போட்டுட்டுப் போயிட்டான். செத்தவங்களத்தானே அப்படிப் படுக்க வெப்போம்? வர்றவங்க கட்டில் வாங்க வர்றாங்களா, சாவு வீட்டுக்கு வர்றாங்களா?” என்பார்.

மாலையில் மேலாளர் ஹிராய்வா தலையணைகளை எல்லாம் மறுபடி தலைமாட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். விடிந்தால் கிகுயோ. இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஒரே பலகையில் இரண்டு பேர் வேறு வேறு நேரத்தில் வந்து காய் நகர்த்திவிட்டுப் போவதுபோல நடக்கிறது அது.

டொயோஹாஷி நகருக்கு வெளியே, முட்டைக்கோஸ் வயல்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் லிஸ்பன் கட்டில் தொழிற்சாலை. நான் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். என் மேசைக்கு நேர் எதிரே தையல் பிரிவின் கடைசி இயந்திரம், அது கிகுயோவுடையது. மெத்தை தைத்து முடிந்து, ஓரம் கட்டி, தட்டிக் கொட்டி வந்தபின், கால்மாட்டு மூலையில் ‘லிஸ்பன்’ என்ற பெயர்த் துணியை வைத்துத் தைப்பது அவர் வேலை. அதைத் தைக்காமல் ஒரு மெத்தையும் வாசல் தாண்டாது. அந்த அம்மாளுக்கு ஓய்வு பெறும் வயது கடந்துவிட்டது. போகச் சொன்னால், “எனக்குப் பதிலா யாரு? ஒருத்தரைக் காட்டுங்க, நான் வேண்டாம்னு சொல்றேன்” என்பார்.

குள்ளம். ஒரு மூக்குக்கண்ணாடி உச்சந்தலையில், இன்னொன்று மார்பில் கயிற்றோடு. எது தூரத்துக்கு, எது கிட்டத்துக்கு என்று அவருக்கே சந்தேகம் வரும்; இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, கண்ணாடிக் கடைக்காரனைத் திட்டுவார். பிறந்ததிலிருந்து கட்டில் கம்பெனிச் சோறு சாப்பிடுகிறவர், வீட்டில் படுப்பது தரைமெத்தையில். “படுக்கைன்னா காலையில மடிச்சு அலமாரியில வைக்கணும். மடிக்க முடியாதது படுக்கை இல்ல, சாமான்” என்று வாடிக்கையாளர் காதிலேயே விழும்படி சொல்லுவார்.

மனிதர்களை மெத்தையாகப் பார்க்கிற பழக்கமும் உண்டு. ஹிராய்வா, உறை பிரிக்காத மெத்தை. “அந்த நெகிழித்தாளோட இருக்கறதுதான் அவனுக்கு அழகு. கிட்டப் போனா சரசரங்கும்.” மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மூலையில் கவிதைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் என்னை, பழைய சுருள்வில் என்றார். “சத்தமே வராது. ஆனா உள்ளுக்குள்ள எங்கயோ குத்திக்கிட்டே இருக்கும், இல்லையாடா தம்பி?” நான் புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டினேன். “பாத்தியா!” என்று பக்கத்து இயந்திரத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். சின்ன முதலாளி ஒகிஷிமாவுக்கு வைத்த பெயர்தான் எல்லாவற்றிலும் பொருத்தம்: நுரைமெத்தை. “யார் கடைசியா உக்காந்தாங்களோ அவங்க வடிவத்துல இருப்பாரு.”

அவர் இயந்திரத்தின் ஓரத்தில் ஊசி போட்டு வைக்க ஒரு தகர டப்பா இருக்கிறது. மூடியில் வண்ணம் உதிர்ந்து, கூடையைத் தலையில் சுமந்த ஒரு பெண்ணின் பாவாடை மட்டும் மிச்சம். வெளிநாட்டு மத்தி மீன் அடைத்து வந்த டப்பா. எங்கள் கம்பெனியின் பெயர் அதிலிருந்து வந்ததுதான். தொழிற்சாலையில் தெரியாதவர்கள் கிடையாது.

கிகுயோ அந்தக் கதையைச் சொன்னால் சாப்பாட்டுக் கூடத்தில் சோறு அள்ளும் குச்சிகள் அசையாமல் நிற்கும். பெரிய முதலாளி, அதாவது சின்ன முதலாளியின் தாத்தா, போருக்குப் பிறகு மூன்று சக்கர வண்டிகளுக்கு இருக்கை செய்துகொண்டிருந்தார். வண்டி விற்பது குறைந்தது. சுருள்வில் மட்டும் மலைபோலக் குவிந்து கிடந்தது. அதை நீட்டிப் படுக்கவைத்தால் கட்டில் ஆகும் என்று அவருக்குத் தோன்றியது. செய்துவிட்டார். பேர் வேண்டும். தொழிலாளர்களை எல்லாம் முற்றத்தில் கூட்டி, நல்ல பேர் சொல்கிறவருக்கு ஒரு கட்டில் பரிசு என்றார்.

“ஒருத்தன் செர்ரிப்பூன்னான். ஒருத்தன் கொக்குன்னான். பெரிய முதலாளிக்கு எதுவும் பிடிக்கல. இதெல்லாம் தரைமெத்தைக்கு வைக்கிற பேரு, கட்டில்னா நாம யாரும் பாக்காததா இருக்கணும்டா அப்படின்னாரு. எங்கம்மா ஷிமே அப்ப தையல்ல புதுசா சேர்ந்தவ. கப்பல்ல வேலை பாத்த பெரியப்பா மகன் குடுத்த டப்பா மடியில இருக்கு. அதுல எழுதியிருக்கறதை அவன் படிச்சுக் காட்டியிருக்கான். பின்னாடி நின்னுக்கிட்டு, ‘லிஸ்பன்’னா. ‘அது எங்க இருக்கும்மா?’ன்னாரு முதலாளி. ‘தெரியாதுங்க. ஆனா மீன் நல்லா இருந்துச்சு’ன்னா!”

மூடியில் இருந்த பெண் அவர் சொல்லும் கதையில் ஒரு நாள் ஒருத்தியாக இருப்பாள், இன்னொரு நாள் இரண்டு பேர். பெரியப்பா மகன் சில நாள் மாலுமி, சில நாள் கப்பல் சமையல்காரன். ஆனால் அந்தக் கடைசி வரி மட்டும் ஒருநாளும் மாறாது.

பரிசுக் கட்டில் தொழிலாளர் குடியிருப்புக்கு வந்தது. மாடிப்படி குறுகல். தூக்கிப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், காலைக் கழற்றிப் பார்த்தார்கள். ஏறவில்லை. கட்டில் திரும்பிப் போனது; பதிலுக்குக் கம்பெனியில் ஒரு மூட்டைச் சர்க்கரை கொடுத்தார்கள். “ஊருக்கே கட்டில் பேர் வெச்சவ, கடைசி வரைக்கும் பாயிலதான் படுத்தா” என்பார் கிகுயோ. அந்த வரியைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும்.

ஷிமே போன சனவரியில் இறந்தார். வீட்டில்தான். வடக்கே தலைவைத்துக் கிடத்தி, முகத்தில் வெள்ளைத்துணி போட்டது கிகுயோதான். நாங்கள் சிலர் போயிருந்தோம். சின்ன முதலாளி கறுப்புக் கழுத்துப்பட்டையோடு வந்து, ஊதுபத்தி வைத்து, நெற்றி பாயில் படக் குனிந்தார். பிறகு இறந்தவரைப் பார்த்தே, எல்லோர் காதிலும் விழச் சொன்னார்: “ஷிமே அம்மா, இலையுதிர் காலத்துல நமக்கு எழுபதாவது ஆண்டு விழா. புதுக் காட்சிக்கூடத்துச் சுவர்ல உங்க பேரைப் போடுறேன்.” கிகுயோ அப்போதுதான் அழுதார்.

செப்டம்பரில் அந்தச் சுவரைத் திரை விலக்கிக் காட்டினார்கள். டோக்கியோ விளம்பரக்காரர் செரிசாவா எழுதிக் கொடுத்த வாசகம், பெரிய எழுத்தில்: அந்நாளில் நம் நிறுவனர் லிஸ்பன் கடற்கரை விடுதி ஒன்றில் அலையோசை கேட்டுக் கண்ணயர்ந்தார், கண்விழித்தபோது ஒரு கனவு அவர் கையில் இருந்தது. கீழே நிறுவனர் படம். ஷிமே என்ற பேர் எங்கும் இல்லை. டப்பாவும் இல்லை.

கிகுயோ இரண்டு கண்ணாடிகளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் படித்தார். பிறகு தொழிற்சாலைத் தளத்தில், ஒரு மெத்தை பாதி தைத்தபடி நிற்க, முதலாளியை வழிமறித்தார்.

“முதலாளி, செவுத்துல எங்கம்மா பேரைத் தேடினேன். காணோம்.”

“கிகுயோ அக்கா, அது வந்து… மீன் வாசனையும் படுக்கையும் ஒட்டாதுன்னு செரிசாவா சொல்றாரு.”

“தின்னு எழுபது வருசம் ஆச்சு. அவரு மூக்குக்கு இன்னுமா அடிக்குது?”

“வாங்குறவங்க ஒரு கனவை வாங்குறாங்க, அக்கா.”

“உங்க தாத்தா ஹமானா ஏரியில படகு ஏறினாலே வாந்தி எடுப்பாரு. அந்த மனுசனைக் கொண்டுபோய் லிஸ்பன்ல படுக்கப் போட்டிருக்கீங்க. அவரே எந்திரிச்சு வந்து படிச்சா சிரிப்பாரு.”

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

“எங்கம்மா முன்னால நெத்தி தரையில பட வாக்குக் குடுத்தது நீங்கதானே? நான் கேக்கல. அவளும் கேக்கல. நீங்களா குடுத்தீங்க. ஒத்த வரி. அவ பேரு, அந்த டப்பா. அவ்வளவுதான்.”

முதலாளி தன் காலணி நுனியைப் பார்த்தார். “அடுத்த தடவை மாத்தறப்ப பாக்கலாம்.”

“செத்தவகிட்ட சொன்ன வார்த்தைக்கு ஏது முதலாளி அடுத்த தடவை?”

அவர் போய்விட்டார். கிகுயோ இயந்திரத்தை மிதித்த வேகத்தில் பெயர்த் துணி கோணலாகிப் போனது. பிரித்து மறுபடி தைத்தார். கவிதை படிக்கிற எனக்குத் தெரியும்: யாரும் பார்க்காத ஒன்றுக்குச் சரியான ஒரு சொல் கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று. அந்தப் பெண் ஒரே சொல்லில் ஒரு கவிதை எழுதினாள். இவர்கள் அதன் அடியில் வேறொருவர் பெயரைப் போட்டு, சுவரில் மாட்டி, விளக்கும் போட்டுவிட்டார்கள்.

விழாவுக்கு முந்தின வாரம் கிகுயோ வீட்டுக்கு முதலாளி வீட்டிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே பட்டுத்தாளில் சுற்றிய முலாம்பழம், கிளைக்காம்போடு; பரிசு கொடுக்கவென்றே விற்கிற விலையுயர்ந்த ரகம். அதைச் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்து எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தார். “சாப்பிடுங்க, சாப்பிடுங்க. என் வாயை அடைக்க வந்த பழம். என் வாய் சின்னது, இவ்வளவு தேவைப்படாது.” அவர் ஒரு துண்டும் தொடவில்லை.

இன்னொரு சமாதானமும் வந்தது. விழா மேடையில் வைக்கப்போகும் பழைய முதல் கட்டிலைத் தெற்கே தலை இருக்கும்படி போடச் சொல்லிவிட்டாராம் முதலாளி. கூடவே, அந்தக் கட்டிலில் முதல் தலையணையை வைக்கும் மரியாதையும் மூத்த தொழிலாளியான கிகுயோவுக்கே. செய்தியைச் சொல்ல வந்த ஹிராய்வா, “உங்க இஷ்டப்படியே ஆச்சு, அக்கா. இனிமே நமக்குள்ள சண்டை இல்ல” என்றார். கிகுயோ ஊசியில் நூலைக் கோத்து முடித்துவிட்டு, “வைக்கிறேன்” என்றார்.

விழா அன்று கறுப்புக் கிமோனோவில் வந்தார். ஷிமேயின் சாவுக்கும் அவர் அதையே கட்டியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். முன்வரிசையில் கட்டில் கடைக்காரர்கள், வங்கிக்காரர்கள், நகராட்சிப் பெரியவர்கள். முதலாளி சுவரில் இருந்ததை உரக்க வாசித்தார். ‘அலையோசை’ என்ற இடத்தில் குரல் தழுதழுத்தது. கைதட்டல். பிறகு கிகுயோவின் பேரைக் கூப்பிட்டார்கள்.

மேடையேறி, செருப்பைக் கழற்றி நேராக வைத்தார். தட்டில் இருந்த தலையணையை இரண்டு கையாலும் எடுத்தார். தலைப்பலகை அருகே புகைப்படக்காரர் குனிந்து காத்திருந்தார். கிகுயோ அவரைத் தாண்டி நடந்தார். கட்டிலைச் சுற்றிக்கொண்டு கால்மாட்டுக்குப் போய், வடக்கு ஓரத்தில் தலையணையை வைத்தார். இரண்டு தட்டுத் தட்டினார். கைதட்ட உயர்ந்த கைகள் அப்படியே நின்றன. முன்வரிசையில் வயதான கடைக்காரர் ஒருவருடைய உள்ளங்கைகள் மட்டும், சாவு வீட்டில் கும்பிடுவதுபோல, தாமாகவே ஒன்று சேர்ந்தன.

கிகுயோ இடுப்புப்பட்டையின் மடிப்பிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். அதை உதறிப் பிரித்து, தலையணையில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் விரித்து, நான்கு மூலையையும் விரலால் நீவிவிட்டார்.