அப்பாவின் நீலக் கார்

என் ஏழு வயது மகள் தன் கண்ணால் பார்த்ததைச் சொன்னாள். ஒரு முறை அல்ல, மூன்று வாரங்கள் சொன்னாள். நான் ஏன் நம்பவில்லை?  நான் கணக்குப் பட்டதாரி. ஒரே பந்தயத்தில் இரண்டு பேர் முதலாவதாக வர முடியாது, ஆகவே ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டினேன். அந்தக் கணக்கில் என்ன தப்பு என்பது பிறகுதான் தெரிந்தது.

என் கணவர் மலேசியாவில் ஒரு பெரிய கடைவளாகத்தில் மெக்கானிக். அங்கே விளையாட்டு இயந்திரங்களுக்கென்றே ஒரு தளம் இருக்கிறதாம். கார் ஓட்டும் இயந்திரமும் அவற்றில் ஒன்று. உட்கார ஒரு சீட்டு, ஸ்டீரிங், காலுக்கு இரண்டு பெடல், எதிரே திரை. நிமிர்த்தி வைத்தால் பீரோ உயரம் இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு இயந்திரங்களைப் பழசென்று முதலாளி ஒதுக்கியபோது இவர் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒன்றைப் பழுது பார்த்துக் கப்பல் பார்சலில் எங்களுக்கு அனுப்பினார். மற்றதைத் தன் பட்டறையின் மூலையில் நிறுத்தினார்.

அந்த இரண்டும் ஒரு முழ வயரால் இணைந்திருந்தவை. பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிற இரண்டு பேர் திரையில் ஒரே ரோட்டில் போட்டி போடலாம். அந்த வயரை இன்டர்நெட் வழியாகக் கடலுக்கு இந்தப் பக்கம் நீட்டிவிட முடியும் என்பது அவருடைய நம்பிக்கை. லீவில் வந்த முப்பது நாளில் பத்து நாளை அதற்கே செலவழித்தார். உள்ளே ஒரு கம்ப்யூட்டரைப் பொருத்தி, பிராட்பேண்டு வாங்கி, போன் இருக்கும் உள்ளறையிலிருந்து கூடம் வரை சுவரோரமாகக் கேபிள் இழுத்தார். நான் முகம் சுளித்தேன். வெளியூர் போய்வர, சொந்தக்காரர்களைப் பார்க்க நாள் இல்லாமல் போகிறதே என்று எனக்கு எரிச்சல்.

"போன்ல எங்கிட்ட என்ன பேசுது அது? சாப்பிட்டியான்னா ம். படிச்சியான்னா ம். இதுலயாச்சும் எங்கூட இருக்கட்டும்" என்றார்.

 அவர் சொன்னது உண்மைதான்.

எங்கள் ஊர் திருப்புல்லாணி பக்கம். வாசல் நிலையில் இயந்திரம் நுழையாமல் சீட்டைத் தனியாகக் கழற்றித்தான் உள்ளே கொண்டு வந்தோம். சாயல்குடியிலிருந்து வந்த நாத்தனார் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன் மதினி, அண்ணன் வரமுடியலன்னு பஸ்ஸ அனுப்பி வச்சிருக்காகளா? நான் சன்னல் சீட்டுல உக்காந்துக்கிறேன், சாயல்குடி வந்தா சொல்லுங்க" என்றார். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவர் போன பிறகு, ஊரில் எல்லாரும் இப்படித்தான் பேசுவார்களோ என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். என் சுபாவம் அப்படி.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி எங்களுக்கு, அவருக்கு ஒன்பதரை. விளையாட்டுத் தளம் திறப்பதற்கு முந்திய நேரம். முதலில் போன் வரும்.

"ரெடியா ஆத்தா?"

"ரெடிப்பா! நீங்க நீலக் காரு, நான் செவப்பு."

போனை வைத்துவிட்டுக் கூடத்துக்கு ஓடுவாள். கால் எட்டாது என்று பெடல் மேல் அவர் ஒரு மரக்கட்டையைத் திருகி வைத்திருந்தார். ஓட்டும்போது பேச்சு கிடையாது. போன் உள்ளறையில், அவளுடைய இரண்டு கையும் ஸ்டீரிங்கில். ஐந்து சுற்று முடிந்ததும் அவர் மறுபடி கூப்பிடுவார். நான் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்பேன். பந்தயம் முடிந்து அப்பாவும் மகளும் பேசுகிற பேச்சில் 'ம்' என்பதே இல்லை. எந்த வளைவில் யார் யாரை இடித்தார்கள் என்று கால் மணி நேரம் போகும். எனக்கு அந்தச் சத்தம் போதுமானதாக இருந்தது.

ஆடிக் காற்று தொடங்கிய பிறகு தகராறு வந்தது.

"அப்பா, நான் ஜெயிச்சிட்டேன்!" என்றாள் மகள் ஒரு ஞாயிறு.

"நல்லா இருக்கே கதை. நாந்தான ஆத்தா மொத வந்தேன்" என்றார் அவர்.

இரண்டு பேரும் மற்றவர் கேலி செய்வதாக நினைத்துச் சிரித்தார்கள். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் அவர் என்னைக் கூப்பிட்டார். குரலில் சிரிப்பு இல்லை.

"புள்ளைக்குப் பொய் பழகுது. தோத்தா தோத்தேன்னு சொல்ல வரல. நீ பக்கத்துல இருந்து பாக்குறியா இல்லையா?"

நான் பார்க்கவில்லை. தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதோடு, அந்த மாதம்தான் அவள் மார்க் குறைந்த பரீட்சைத் தாளை என்னிடம் காட்டாமல் பைக்குள் மடித்து வைத்திருந்தாள். தனியாக வளர்க்கிறேன், என் வளர்ப்பில்தான் கோளாறு என்று எனக்கு அப்போதே பயம் பிடித்திருந்தது.

"உண்மையைச் சொல்லு. யாரு மொத வந்தா?"

"நாந்தாம்மா. திரையில ஒண்ணுன்னு பெருசா வந்துச்சே. நீங்க பாக்கலையா?"

"அப்ப அப்பா பொய் சொல்றாகளா?"

 அவள் அழவில்லை. உள்ளறைக் கதவு வழியாகக் கூடத்து இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தாள். அது தனக்காகச் சாட்சி சொல்லும் என்று எதிர்பார்த்தது மாதிரி இருந்தது. திரை அதற்குள் முதல் பக்கத்துக்குப் போய்விட்டிருந்தது. நான் போனை அவள் காதில் வைத்தேன். "சாரி சொல்லு" என்றேன்.

"சாரிப்பா. நான் ரெண்டாவதுதான் வந்தேன்."

"அது! தோக்குறது தப்பில்ல ஆத்தா" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. நல்ல தாயாக ஒரு காரியம் செய்துவிட்டதாக அன்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறிலிருந்து பந்தயம் முடிந்து போன் வந்ததும் அவள் முதலில் கேட்பது, "யாருப்பா ஜெயிச்சா?" என்பதுதான். அவர் என்ன சொல்கிறாரோ அதற்கு "ஆமாப்பா" என்பாள். பிள்ளை திருந்திவிட்டது என்று இரண்டு பேரும் சந்தோஷப்பட்டோம்.

புரட்டாசியில் போனில் இரைச்சல் அதிகமாகி, லைன்மேனை வரவழைத்தேன். கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார்.

"உப்புக் காத்துல ஜாயின்ட்டு அரிச்சுப் போச்சும்மா. காத்து ஆட்டுனா விட்டுப்போகும், நின்னா ஒட்டிக்கிரும். புது வயரு வந்தாத்தான் முழுசாச் சரிபண்ண முடியும்."

போகும்போது, போனுக்குப் பக்கத்தில் இருந்த மோடத்தைக் காட்டினார். "இந்த ரெண்டாவது பச்சை லைட்டு எரிஞ்சா வெளிய தொடர்பு இருக்கு. அமந்துபோச்சுன்னா இல்ல. அத வச்சுப் பாத்துக்கங்க."

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தொடர்பு விட்டுப்போனால் ஆட்டம் நின்றுவிடும் அல்லவா? எங்கள் வீட்டில் ஆட்டம் ஒருநாளும் நின்றதில்லை.

அந்த வார ஞாயிறு, பந்தயம் நடக்கும்போது துண்டு எடுக்க உள்ளறைக்குப் போனேன். பச்சை விளக்கு அணைந்திருந்தது. சரி, ஆட்டம் நின்றிருக்கும், பிள்ளை ஏமாந்திருப்பாள் என்று கூடத்துக்கு வந்தேன். அங்கே நீலக் கார் ஓடிக்கொண்டிருந்தது. வளைவில் திரும்பியது, மகளின் காரை உரசியது, முந்தியது. மறுபடி உள்ளே போய்ப் பார்த்தேன். விளக்கு இல்லை. கூடத்தில் நீலக் கார் இருக்கிறது. மூன்று தடவை இப்படி நடந்தேன்.

நான்காவது சுற்றில் மகள் சுவரில் மோதி நின்றுபோனாள். முன்னால் போன நீலக் கார் மெதுவானது. அவள் காரைத் திருப்பி எடுத்துப் பின்னால் வந்து சேரும்வரை மெதுவாகவே போனது. பந்தயம் முடிந்ததும் சீட்டிலிருந்து குதித்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"பாத்தீங்களாம்மா? நான் முட்டிட்டேன்ல, அப்பா எனக்காக மெதுவாப் போனாக!"

நான் அவள் தலையைத் தடவிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் அவள் பள்ளிக்குப் போன பிறகு கணவரிடம் சொன்னேன். விளக்கு முழுசாக அணைந்திருந்ததா, எந்தச் சுற்றில் பார்த்தாய் என்று கேட்டுக்கொண்டார்.  பிறகு ஒரு மெக்கானிக் பேசுவதுபோல விளக்கினார். கடையில் காசு போட்டு விளையாடுகிறவன், பாதியில் ஆட்டம் நின்றால் சண்டைக்கு வருவான். அதனால் வயர் விட்டுப்போனால் எதிராளியின் காரை இயந்திரமே ஓட்டும்படி செய்து வைத்திருக்கிறார்கள். பின்தங்குகிறவனுக்கு அலுப்புத் தட்டாமலிருக்க வேகத்தைக் குறைக்கவும் அதற்குத் தெரியும். இங்கே அவள் இயந்திரத்தோடு ஓட்டி ஜெயித்திருக்கிறாள். அங்கே அவர் இயந்திரத்தோடு ஓட்டி ஜெயித்திருக்கிறார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

"எனக்கு இது தெரியும். தெரிஞ்சும் தோணல பாத்தியா" என்றார். "எனக்கும் அது மெதுவாப் போச்சு. புள்ளை எனக்காக நிக்குதுன்னு நெனச்சேன்."

எத்தனை வாரம் இப்படி நடந்தது என்று கேட்டார். அதை யார் சொல்ல முடியும்? சில வாரம் மூன்றாவது சுற்றுவரை அவராக இருந்திருக்கலாம். சில வாரம் முதல் வளைவிலேயே போயிருக்கலாம்.

அவர் அங்கிருந்து சொல்லச்சொல்ல நான் போனுக்கும் கூடத்துக்குமாக நடந்து, இயந்திரத்துக்குள் இருந்த கம்ப்யூட்டரில் ஏதேதோ மாற்றினேன். தொடர்பு விட்டால் இனி ஆட்டம் நின்றுவிடும். அப்படியே நின்றது. புது வயர் இன்னும் வரவில்லை. பாதி ஞாயிறுகள் இரண்டாம் சுற்றைத் தாண்டுவதில்லை. "முன்னாடி நல்லா ஓடுச்சு, நீங்கதான் தொட்டுக் கெடுத்துட்டீங்க" என்று மகள் என்னிடம் கோபித்துக்கொள்கிறாள். அந்தப் பழியை நான் ஏற்றுக்கொண்டேன். அது எளிது.

எளிதாக இல்லாதது இதுதான். போன மாதம் பள்ளிக்கு வரச்சொன்னார்கள். வகுப்பில் ஒரு தண்ணீர்ப் பாட்டில் உடைந்திருக்கிறது. யார் உடைத்தது என்று கேட்டபோது, பக்கத்தில் நின்ற ஒரு பிள்ளை என் மகளைக் கை காட்டியிருக்கிறது. இவள் உடனே சாரி சொல்லிவிட்டாள். உடைத்தது வேறொருத்தி என்று சாயங்காலம்தான் தெரிந்ததாம்.

"நல்ல பிள்ளைதாங்க. ஆனா யாரு என்ன சொன்னாலும் ஒத்துக்கிருது. அது கண்ணுல பாத்ததையே சொல்ல மாட்டேங்குது. வீட்டுல ரொம்ப அதட்டுவீங்களோ?" என்றார் டீச்சர்.

பஸ்ஸில் வரும்போது அவளிடம் கேட்டேன். "நீ உடைக்கலைன்னு தெரியும்ல? ஏன் சாரி சொன்ன?"

"அவ பாத்தேன்னு சொன்னாம்மா. நான்தான் தப்பாப் பாத்துட்டேனோன்னு நெனச்சேன்."

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வழியெல்லாம் சீமைக்கருவேலம். அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவளிடம் சொல்லியாக வேண்டும். அன்று நீ பொய் சொல்லவில்லை, நீ பார்த்தது சரி, அம்மாதான் தப்பு என்று சொல்லவேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி கேட்பாள்: அப்போ அப்பாவும் ஜெயித்தது எப்படி? அதற்குப் பதில் சொன்னால் நீலக் காரில் அப்பா இல்லை என்பது வந்துவிடும். சுவரில் மோதிய அன்று காத்திருந்தது அப்பா இல்லை என்பதும் வந்துவிடும். வகுப்பில் எல்லாரிடமும் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள். படம்கூட வரைந்திருக்கிறாள், நீலக் காரின் சன்னலில் மீசை வைத்த ஒரு முகம்.

கணவரிடம் கேட்டால், "நான் பொங்கலுக்கு வாரேன், பாத்துக்கிருவோம். அந்தக் கார்ல நான் இல்லன்னு மட்டும் சொல்லிராத" என்கிறார். கடலுக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிற மனிதரிடம் அதற்குமேல் எப்படி வாதாடுவது? நாத்தனாரைக் கேட்டால், "ஏழு வயசுப் புள்ளைக்கு எம்புட்டு நாளைக்கு நெனப்பு இருக்கும் மதினி? நீங்கதான் கெடந்து மருகுறீக" என்கிறார். மறந்துவிடும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அந்தச் சாரியை மறந்திருக்கலாம். தன் கண்ணை நம்பக்கூடாது என்பதை மறந்ததாகத் தெரியவில்லையே.

பாதி உண்மையைச் சொல்லிப் பார்க்கலாமா என்றும் யோசித்தேன். "மெஷின் தப்பாக் காட்டிருச்சு" என்று சொன்னால் போதுமே. ஆனால் அது தப்பாகக் காட்டவில்லை. திரையில் அவள் பார்த்தது சரியாகவே இருந்தது. மறுபடியும் அவள் கண்ணைத்தான் பொய்யாக்குகிறேன்.

பொங்கலுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அவர் வருவதற்கு முன் நானாகச் சொல்வதா, அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இருவருமாகச் சொல்வதா? ஐந்து வாரம் காத்திருப்பது அதிகமில்லையா? அப்பாவை அவளிடமிருந்து எடுக்காமல் அவள் கண்ணை மட்டும் அவளுக்குத் திருப்பிக் கொடுக்க ஏதாவது வழி இருக்கிறதா? பிள்ளை வளர்த்தவர்கள், இப்படி ஒரு தப்பைச் செய்து அதைத் திருத்தியவர்கள் உங்களில் யாராவது இருப்பீர்கள். முதல் வாக்கியமாக எதைச் சொன்னீர்கள் என்று மட்டுமாவது எனக்கு எழுதுங்கள்.